கணுக்கால் வரை கடல்: உருவ ஓவியத்தில் குறியீடும் குறும்பும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி, மூன்றாம் மாடி வீடு. ஞாயிறு பின்னேரம். ஒரு பெண் மேசையில் இருக்கிறார். முன்னால் தேத்தண்ணிக் கோப்பை, பக்கத்தில் கைத்தொலைபேசி. கனடாவிலிருந்து மகனின் அழைப்பு வரவேண்டும், இன்னும் வரவில்லை.

இந்தக் காத்திருப்பைக் கீறச் சொன்னால், புதிதாகப் பழகுபவர்கள் நேரே முகத்துக்குத்தான் போவார்கள். புருவத்தை நெரிப்பார்கள், வாய்க்கோட்டைக் கீழே இறக்குவார்கள், கண்ணோரம் ஒரு துளி வைப்பார்கள். பார்க்க வருபவர் "பாவம், மனிசி அழுகிறா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். படம் அவரிடம் எதையும் கேட்கவில்லை, அவரும் நின்று பார்க்கவில்லை.

இப்போது முகத்தை அமைதியாக விட்டுவிடுங்கள். அந்த அறைக்குள் கணுக்கால் வரை கடல்தண்ணீர் நிற்பதாகக் கீறுங்கள். தெளிந்த, அலையில்லாத தண்ணீர். அவர் திடுக்கிட்ட மாதிரித் தெரியவில்லை. செருப்பு நனையக்கூடாது என்று இரண்டையும் எடுத்து எதிர்க் கதிரையில் ஒழுங்காக வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் செருப்பைப் பார்த்ததும், இது இன்றைக்கு மட்டும் நடந்ததல்ல, ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர் இப்படித்தான் ஏறுகிறது என்று விளங்கிவிடுகிறது. சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

இந்தப் படத்தில் தண்ணீர் குறியீடு, செருப்பு குறும்பு. மனித உருவத்தை வைத்து உள்மனதைக் கீறும் ஓவியங்களில் இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதையும், நீங்களே ஒரு சிறு படம் கீறுவதானால் எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும் என்பதையும் பார்ப்போம்.

கொக்குக்கு அதன் வேலை

உணர்ச்சியைப் பெயர் சொல்லாமல் காட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் அகப்பாடலை மூன்றாகப் பிரித்துவைத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துப் பறவை, மரம், உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். கூடல், இருத்தல், இரங்கல் போன்றவை உரிப்பொருள். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய பொழுது வெயில் சாயும் எற்பாடு. அதற்குரிய உணர்வு இரங்கல். வெள்ளவத்தையில் றெயில் பாதையைத் தாண்டினால் கடல். பின்னேரம் நாலரை மணிக்கு மேற்கு யன்னலால் சாய்ந்து வரும் வெயிலில் ஒரு தாய் காத்திருக்கிறார். திணை தானாக வந்து இருந்துவிட்டது.

குறுந்தொகையில் கபிலரின் பாட்டு ஒன்று இருக்கிறது. தலைவி சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுந்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு கொக்கு மட்டும் நின்றது, தினைத்தாள் போல மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்தபடி.

ஓவியம் பழகுபவர்கள் இந்தக் கொக்கைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். அது சாட்சி. ஆனால் சாட்சி சொல்ல வராது, ஏனென்றால் அதன் கவனம் முழுக்க மீனில். காதலர்களைத் திரும்பிப் பார்த்திருந்தால் அது வெறும் அலங்காரப் பறவையாகியிருக்கும். தன் பாட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் தலைவியின் தனிமை அவ்வளவு கூர்மையாகிறது. குறியீட்டைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வையுங்கள்: படத்துக்குள் அந்தப் பொருளுக்கு என்று சொந்தமாக ஒரு வேலை இருக்கவேண்டும். அர்த்தம் சொல்வதற்காக மட்டும் வந்து நிற்கும் பொருள் மேடையில் வசனம் மறந்த நடிகனைப் போல நிற்கும்.

எதிர்க் கதிரையைப் பாருங்கள். "மகன் இல்லை" என்று சொல்லும் வெற்றுக் கதிரையைக் கீறலாம். ஆனால் வெற்றுக் கதிரை தேய்ந்துபோன குறியீடு. ஒரு காலத்தில் அது பெரும் பலத்தோடு இருந்தது. அமராவதிச் சிற்பங்களில் பல இடங்களில் புத்தரின் உருவத்தைச் செதுக்காமல் ஆளில்லாத ஆசனத்தையும் பாதச்சுவட்டையும் வைத்தே அவர் இருப்பைக் காட்டினார்கள். இன்றைக்கு வாழ்த்து அட்டை வரை அது வந்துவிட்டது. அதே கதிரைக்குச் செருப்பைத் தாங்கும் வேலையைக் கொடுத்தால் அது மறுபடி உயிர்பெறுகிறது. யாரும் இருக்காத கதிரை என்பதால்தானே செருப்பு வைக்க முடிந்தது? அதைப் பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிப்பார்.

ஊருக்குப் பொதுவானவை, உங்களுக்கு மட்டும் உரியவை

குறியீடுகள் எல்லாம் ஒரே சாதியல்ல. மயில் என்றால் முருகன், வெண்டாமரை என்றால் சரசுவதி என்பது ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட வழக்கு. பொரளை கோதமி விகாரையில் ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939இலும் 1940இலும் தீட்டிய புத்தசரித சுவரோவியங்களைப் பார்த்தால், கதை தெரிந்தவருக்கு அங்கே உள்ள ஒவ்வொன்றும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கும். மறுபக்கம், உங்கள் அம்மம்மாவின் புட்டுக்குழல் உங்களுக்குப் பாதுகாப்பைக் குறிக்கலாம். அடுத்த வீட்டாருக்கு அது புட்டுக்குழல்தான். இப்படிப்பட்ட சொந்தக் குறியீட்டைப் பிறருக்குக் கடத்த ஒரே வழி, உருவம் அதோடு எப்படி நடந்துகொள்கிறது என்று காட்டுவது. புட்டுக்குழலை மேசையில் வைத்தால் ஒன்றும் நடக்காது. ஒரு பிள்ளை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரை கொள்வதாகக் கீறினால் எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு. கொழும்பில் கீறுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டியது இதில்தான்: ஊரின் நினைவு ஏறிக்கிடக்கும் பொருள்கள். ஆட்கடத்தலை நினைவூட்டும் வெள்ளை வானை வெறும் சாமான் ஏற்றும் வண்டியாக இங்கே கீறமுடியாது. முள்கம்பி, மணல்மூட்டை, அடையாள அட்டை எல்லாம் அப்படித்தான். வீட்டுக்குள் கடல் என்பதும் இலங்கையில் உடனே 2004 டிசம்பர் 26 சுனாமியை எழுப்பும். அதற்காக அந்தக் குறியீட்டைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் அந்த நினைவு வரும் என்று தெரிந்துகொண்டே கீறவேண்டும். உங்கள் படம் சுனாமியைப் பற்றியதல்ல என்றால் தண்ணீர் தெளிவாக இருக்கட்டும். மேசைவிரிப்பு கலையாமல், கோப்பை சரியாமல், ஒரு பொருளும் மிதக்காமல் இருக்கட்டும். சேற்றுநிறத் தண்ணீரும் கவிழ்ந்த கதிரையும் வந்த கணத்தில் படம் வேறு கதை சொல்லத் தொடங்கிவிடும், நீங்கள் எவ்வளவு மறுத்தாலும்.

சொந்தக் குறியீட்டுக்கு உள்ளூரிலேயே நல்ல உதாரணம் ஓவியர் ஐவன் பீரிஸ். 1921இல் தெகிவளையில் பிறந்தவர். 1943இல் லயனல் வென்ட் முதலானோர் கொழும்பில் தொடங்கிய '43 குழு என்ற நவீன ஓவியர் குழுவில் ஒருவர். வாழ்வின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்து, 1988இல் அங்கேயே காலமானார். அங்கிருந்தபடியே திரும்பத் திரும்ப இலங்கைக் கரையைத்தான் தீட்டினார்: கரை, ஒன்றிரண்டு மரம், தனியாக ஒரு உருவம், மேலே கனத்த அமைதி. அந்தக் கரை ஓர் இடத்தின் படம் என்பதைவிட ஒரு மனநிலையின் படம். பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் நிலையமாக இருக்கிறது. '43 குழுவினரின் படைப்புகளைப் பதிப்பில் இல்லாமல் நேரில், கையளவு தூரத்தில் பார்க்கத் தோதான இடம். அங்கே போனால் முகங்களைப் பார்ப்பதற்கு முன் உருவங்களின் முதுகையும் தோளையும் பாருங்கள். பாதிக்கதை அங்கேதான் இருக்கும்.

குறும்பு என்றால் ஒரு விதியை மட்டும் உடைப்பது

குறும்பைப் பலர் கோமாளித்தனத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். மீனுக்குத் தொப்பி, பூனைக்குக் குடை, வானத்தில் மிதக்கும் மணிக்கூடு, எல்லாம் ஒரே படத்தில். அங்கே எதுவும் நடக்கலாம். ஆகவே எது நடந்தாலும் ஆச்சரியமில்லை.

மார்க் ஷகால் 1915இல் தீட்டிய 'பிறந்தநாள்' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்லாவைக் கலியாணம் முடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் தீட்டியது. பெல்லா பூங்கொத்தோடு நிற்க, ஷகால் காற்றில் எழும்பி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து அவரை முத்தமிடுகிறார். மனித முதுகெலும்பு அப்படி வளையாது. ஆனால் அறையைப் பாருங்கள்: மேசை மேசையாக நிற்கிறது, துணியின் பூவேலை தெரிகிறது, யன்னலுக்கு வெளியே தெரு தெருவாக இருக்கிறது. உடைந்தது புவியீர்ப்பு என்ற ஒரே விதி. மற்றதெல்லாம் வழமைபோல இருப்பதால்தான் அந்தப் பறப்பை நம்புகிறோம்.

ஓவியர் ரெமெடியோஸ் வாரோ இதை இன்னும் இறுக்கமாகச் செய்வார். அவர் ஸ்பெயினில் பிறந்து மெக்சிக்கோவில் வாழ்ந்தவர்; தந்தை நீரியல் பொறியியலாளர். வரைபடத் துல்லியத்தைத் தந்தையிடமிருந்தே கற்றார். 1960இல் தீட்டிய ஒரு படத்தில் ஒரு பெண் உளப்பகுப்பாய்வாளரின் வாசலைவிட்டு வெளியே வருகிறார். ஒரு கையில் கூடை, மறுகையில் தாடியால் பிடித்துத் தூக்கிய ஓர் ஆணின் தலை. அதை முற்றத்தில் உள்ள சிறிய கிணற்றுக்குள் போடப்போகிறார். இரத்தமும் இல்லை, கோபமும் இல்லை. குப்பை வாளியை வெளியே வைக்கப்போகிற ஒருவரின் முகபாவந்தான். அந்தப் பாவத்தில்தான் குறும்பு இருக்கிறது. ஆளும் நிகழ்ச்சியும் ஒன்றுக்கொன்று பொருந்தாத தொனியில் நிற்கின்றன: நடப்பது பெரியது, நடந்துகொள்ளும் விதம் சாதாரணம்.

பிரிடா காலோவின் 'இரு பிரிடாக்கள்' இதே உத்தியில் சிரிப்பை முழுக்க நீக்கிய நிலை. 1939இல், தியேகோ ரிவேராவுடனான மணமுறிவுக் காலத்தில் தீட்டியது. ஐரோப்பிய வெள்ளை உடையில் ஒருவர், மெக்சிக்கோ உடையில் ஒருவர், கைகோத்தபடி இருக்கிறார்கள். இருவரின் இதயமும் வெளியே தெரிகிறது. ஒரே இரத்தக்குழாய் இரண்டையும் இணைக்கிறது. வெள்ளை உடைக்காரி அறுந்த நுனியைச் சத்திரசிகிச்சைக் கவ்வியால் பிடித்திருக்கிறார். ஆனாலும் இரத்தம் பாவாடையில் சொட்டுகிறது. கவ்விக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை முழுதாக வெல்லவில்லை. கொக்கின் விதியேதான் இங்கேயும்.

அளவில் விளையாடுவதும் ஒரு வகைக் குறும்பு. ரெனே மக்ரீத் 1952இல் தீட்டிய ஓர் அறையில் சீப்பு கட்டிலில் நின்று கூரையை எட்டுகிறது; முகச்சவரத் தூரிகை அலுமாரிக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. அளவை மாற்றுவதானால் அப்படித் துணிந்து மாற்றவேண்டும். ஒரு காகத்தை உண்மை அளவைவிட ஒன்றேகால் மடங்கு பெரிதாகக் கீறினால் "உங்களுக்குக் காகம் கீறத் தெரியாது" என்பார்கள். மூன்று மடங்கு பெரிதாக்கி, அது பல்கணிக் கம்பியில் இருந்து உள்ளே எட்டிப்பார்ப்பதாகக் கீறினால் ஒருவரும் அளவைக் கேட்கமாட்டார்கள்.

கீறிப்பார்க்கலாம்

அந்த மூன்றாம் மாடி வீட்டையே எடுத்துக்கொள்வோம். 12க்கு 16 அங்குலக் கன்வஸ் போட், அகலவாக்கில். அக்றிலிக் வர்ணம் ஐந்து போதும்: டைட்டேனியம் வெள்ளை, யெலோ ஓக்கர், பேர்ன்ற் சியன்னா, அல்ட்ராமரீன் நீலம், ஒரு நல்ல சிவப்பு. கறுப்பு வாங்கவேண்டாம். அல்ட்ராமரீனும் பேர்ன்ற் சியன்னாவும் கலந்தால் வரும் கருஞ்சாம்பல் நிழலுக்கு அதைவிட நல்லது. குழாயிலிருந்து நேரே வரும் கறுப்பு படத்தில் ஓட்டை விழுந்தமாதிரித் தெரியும்.

தூரிகையைத் தொடமுன் ஒரு வசனம் எழுதுங்கள். "தனிமை" என்று எழுதினால் அது தலைப்பு, உதவாது. "அழைப்பு வரும்வரை தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்திருக்கிறார்" என்பது வசனம். அதில் ஆள், நேரம், செய்கை மூன்றும் இருக்கின்றன. பிறகு அந்த அறையில், அந்தத் தெருவில், அந்த மனநிலையோடு ஒட்டக்கூடிய இருபது பொருள்களின் பெயரை எழுதுங்கள். முதல் ஐந்தையும் வெட்டிவிடுங்கள். அவை எல்லார் தலையிலும் முதலில் வருபவை: கூண்டுக்கிளி, உடைந்த கண்ணாடி, மணிக்கூடு, முகமூடி, வாடிய ரோசா. ஏழாவதுக்குப் பிறகுதான் உங்கள் வீடு வரத்தொடங்கும். மிஞ்சியதில் ஒன்றைக் குறியீடாகவும் ஒன்றைக் குறும்பாகவும் எடுங்கள். மூன்றாவது வேண்டாம்.

அடுத்தது சிறு வரைவுகள். 8 சென்ரிமீற்றர் அகலம், 6 உயரம் என்று ஆறு பெட்டிகள். கன்வஸின் அதே விகிதம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம், பென்சிலின் மூன்று தொனிகள் மட்டும்: வெளிச்சம், நடு, இருள். இங்கே தீர்க்கவேண்டியது, கண் முதலில் எங்கே போகிறது என்பதே. தண்ணீர் முதலில் தெரிந்தால் படம் விபத்தாகிவிடும். முதலில் பெண், பிறகு தொலைபேசி, அதன் பிறகு செருப்பு, கடைசியாக "அட, தண்ணீர்!" என்ற வரிசை வரவேண்டும். அதற்கு மிகக் கூர்மையான வெளிச்ச வேறுபாட்டைப் பெண்ணின் தோளுக்கும் யன்னலுக்கும் இடையில் வையுங்கள். தரைப்பகுதியை நடுத்தொனியில் அடக்கிவிடுங்கள்.

கதிரையில் இருப்பவரின் உயரம் உச்சந்தலையிலிருந்து தரைவரை ஏறக்குறைய ஐந்தரை முதல் ஆறு தலை அளவு வரும். நிற்பவரின் ஏழு, ஏழரைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருத்தினால் முழங்கால் எங்கேயோ போய் முட்டும். முகத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். தோள்கள் கொஞ்சம் முன்னுக்கு வரட்டும், ஒரு கை கோப்பையை முழுக்க மூடியிருக்கட்டும், பார்வை தொலைபேசிக்குச் சற்று அப்பால் விழட்டும். தொலைபேசியை நேரே பார்ப்பவர் வாசிக்கிறார். சற்று அப்பால் பார்ப்பவர்தான் காத்திருக்கிறார்.

கன்வஸ் முழுக்க யெலோ ஓக்கரில் கொஞ்சம் சியன்னா கலந்து ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். வெள்ளையில் நேரடியாகத் தொடங்கினால் எல்லாத் தொனியும் இருண்டதாகத் தெரிந்து, கை பயந்து, படம் முழுக்க வெளிறிப்போகும். பூச்சு காய வெயில் நாளில் இருபது நிமிடம், மழைக்காலக் கொழும்பில் ஒரு மணித்தியாலமும் எடுக்கலாம். தொட்டுப்பார்க்கும்போது குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிச்சம் ஒரு பக்கத்தாலேயே வரவேண்டும். பின்னேரம் நாலரைக்கு மேற்கு வெயில் தாழ்ந்துவிடும். தரையில் விழும் நிழல் பொருளின் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். மேசை, கதிரை, பெண், செருப்பு எல்லாவற்றின் நிழலும் ஒரே பக்கம் சாயட்டும். நடக்கமுடியாத ஒன்றைக் கீறும்போது நிழல் தவறினால் மன்னிப்பே கிடையாது.

இனித் தண்ணீர். இந்தப் படத்தின் உயிர் இதில்தான், கெட்டுப்போவதும் இதில்தான். முதலில் தண்ணீரே இல்லாததுபோலத் தரை ரைல்ஸ், கதிரைக் கால்கள், பாதங்கள் எல்லாவற்றையும் தீட்டிக் காயவிடுங்கள். ஆனால் கோட்டுப்படத்திலேயே ஒரு திருத்தம் வேண்டும்: தண்ணீருக்குள் இருக்கும் பகுதி ஒளிமுறிவால் ஆழம் குறைந்து தெரியும், உண்மை அளவில் நான்கில் மூன்று பங்கு, சாய்வாகப் பார்க்கும்போது அதைவிடவும் குறைவு. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே காலைச் சற்றுக் குட்டையாக்கி, கோட்டைக் கொஞ்சம் முறித்துக் கீறுங்கள். அதன்மேல் அல்ட்ராமரீனில் ஓக்கர் ஒரு துளி கலந்த பச்சைநீலத்தை, ஒரு பங்கு வர்ணத்துக்கு எட்டுப் பத்துப் பங்கு கிளேஸிங் மீடியம் (வர்ணத்தை ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கும் திரவம்) என்ற கணக்கில் கண்ணாடிபோலப் பூசுங்கள். மீடியத்துக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றினால் வர்ணம் திட்டுத்திட்டாகப் படியும், பற்றும் குறையும். பூசியவுடன் பால்போல மங்கலாகத் தெரியும். பதறி மேலும் மேலும் பூசாதீர்கள், காய்ந்ததும் தெளியும். அக்றிலிக் காயும்போது ஒரு படி இருளும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பார்ப்பவருக்குக் கிட்டவுள்ள தண்ணீருக்குள்ளால் ரைல்ஸ் கோடுகள் தெரியும். தூரே சுவர்ப்பக்கம் போகப்போகத் தரை மறைந்து, சுவரும் யன்னலும் தண்ணீரில் பிரதிபலிக்கத் தொடங்கும். இந்த மாற்றத்தைக் கீறாவிட்டால் அது தண்ணீராகாது, நீலநிறத் தரையாகிவிடும். பிரதிபலிப்பு பொருளுக்கு நேர்கீழே விழும், நிழலைப்போலச் சாயாது. வெளிச்சமான பொருளின் பிரதிபலிப்பு ஒரு படி இருண்டும், இருண்டதன் பிரதிபலிப்பு ஒரு படி வெளிறியும் இருக்கும்.

கால் தண்ணீரைச் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலானோர் நேர்கோடு போட்டுவிடுவார்கள். உடனே காலை வாளால் வெட்டியதுபோல் இருக்கும். கால் உருளை, நீர்மட்டம் அதைச் சுற்றி ஒரு நீள்வட்டமாகத்தான் போகும். முன்பக்க வளைவு கீழ்நோக்கி வளைந்து, அதில் தலைமயிர் அளவு ஒரு வெளிச்சக்கோடு ஓடட்டும். இந்த ஒரு கோடு வந்தால் பார்ப்பவரின் கணுக்கால் குளிரும். கதிரைக் கால் நான்கிலும் அதையே செய்யுங்கள். அலுப்புப் பிடித்த வேலைதான், இரண்டாம் காலிலேயே கைவிடத் தோன்றும்.

செருப்பைக் கடைசியாக, சிவப்பில். இந்தப் படத்தில் தூய சிவப்பு வேறெங்கும் வரவேண்டாம். இரண்டு செருப்பும் குதி சேர்ந்து, நுனி மேசைப்பக்கம் பார்த்து, விருந்தாளி மாதிரி இருக்கட்டும். ஒன்றைச் சரித்துவைத்தால் "தற்செயல்" என்றாகிவிடும்; ஒழுங்காக வைத்தால்தான் பழக்கம்.

வழக்கமாக எங்கே சறுக்கும்

பெரும்பிழை, பயத்தில் குறியீடுகளைக் கூட்டுவது. தண்ணீர் விளங்காதோ என்று சுவரில் மகனின் படம், படத்துக்கு மாலை, யன்னலில் விமானம் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். மாலை விழுந்ததும் மகன் இறந்துபோனான்! இன்னொன்று, விசித்திரப் பொருளை மட்டும் கவனமாகத் தீட்டி, சாதாரணப் பொருள்களை ஏனோதானோ என்று விடுவது. தலைகீழாகச் செய்யவேண்டும். கோப்பையின் காதும் ரைல்ஸின் கோணமும் எவ்வளவு நம்பும்படி இருக்கின்றனவோ, அவ்வளவுக்குத்தான் தண்ணீரும் நம்பப்படும்.

முடிந்ததும் கட்டைவிரலால் செருப்பை மறைத்துப் பாருங்கள். படம் இன்னும் நிற்கவேண்டும், ஆனால் ஏதோ குறையவேண்டும். ஒன்றும் குறையவில்லை என்றால் அது தேவையில்லாத பொருள். படமே விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் பலவீனம். பிறகு படத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் காட்டி, "இதில என்ன நடக்குது?" என்று கேளுங்கள். "என்ன அர்த்தம்?" என்று கேட்கவேண்டாம், கேட்டால் அவர் பரீட்சை எழுதத் தொடங்கிவிடுவார். "அம்மா யாருக்கோ பாத்துக்கொண்டிருக்கிறா, வீட்டுக்குள்ள கடல் வந்திட்டுது, ஆனா அவவுக்கு அது பழகிப்போச்சு" என்று வந்தால் போதும். "இது காலநிலை மாற்றத்தைப் பற்றியதோ?" என்று வந்தால் யன்னலையும் தண்ணீரின் நிறத்தையும் மறுபடி பாருங்கள்.

காய்ந்த படத்தைக் கடற்காற்று நேரே அடிக்கும் சுவரிலோ, மழைக்கு ஊறும் வெளிச்சுவரிலோ மாட்டவேண்டாம். போட்டின் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோட இடம் விடுங்கள்.

பெயர் வைக்கும்போது 'தனிமை', 'ஏக்கம்', 'தாய்மை' என்று எழுதினால் அவ்வளவு பாடுபட்டு ஒளித்துவைத்ததை நீங்களே வாசலில் நின்று கூவியதாகிவிடும். 'ஞாயிறு, நாலரை' போதும். பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். மெல்லிய போட்டில் போல்பொயின்ற் பேனையை அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், அதுவும் சரியாகத் தண்ணீருக்குள்.